சிஎன்சி ஆபரேட்டர் எப்போது செட்டர் ஆகிறார்?

கேள்வி இது: ஐடிஐ டர்னர் முடித்தவர். கோவையில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் (மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறை) நான்கு வருடமாக சிஎன்சி டர்னிங் மெஷின், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின், ஓட்டுகிறார். ஜாப் (கடையும் பாகம்) மாட்டுவது, கழற்றுவது, ஆஃப்செட் (டூலின் நிலையில் செய்யும் சிறு அளவுத் திருத்தம்) போடுவது வரை தெரியும். கூடவே சேர்ந்தவர் செட்டர், அதாவது புதிய ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்பவர், ஆகிவிட்டார். தான் புரோகிராமிங் கோர்ஸ் சேரலாமா, கம்பெனி மாறலாமா என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் நிற்கிற அதே மெஷினில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குக் காசு தேவையில்லை. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் போதும். ஒரு சூப்பர்வைசர் யாரை செட்டிங்கில் விடுவது என்று யோசிக்கும்போது, ஜி கோடு (மெஷினுக்கான கட்டளை மொழி) யாருக்குத் தெரியும் என்று முதலில் பார்ப்பதில்லை. அளவு தப்பும்போது எதனால் தப்பியது என்று யார் சொல்கிறார் என்றுதான் பார்ப்பார். ஆஃப்செட்டில் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போட்டோம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஏன் போட வேண்டி வந்தது என்று சொல்கிறவர் பத்தில் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவராக ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு வருட அனுபவம் உள்ளவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். டிராயிங்கில் 60 மி.மீ. தண்டு, சின்ன எச்7 (அளவு எவ்வளவு தள்ளலாம் என்று சொல்லும் குறி) என்று இருந்தால், அனுமதி 59.970 முதல் 60.000 வரை. மொத்தமே 30 மைக்ரான். 0.02 மட்டுமே காட்டும் வெர்னியரை வைத்து இதற்கு ஓகே சொல்வது ஊகம்தான். டாலரன்ஸில், அதாவது அந்த அனுமதியில், பத்தில் ஒரு பங்கையாவது காட்டும் கருவி வேண்டும் என்பது பட்டறையில் வழங்கும் கணக்கு. இங்கே 3 மைக்ரான் வருகிறது, ஆகவே 0.001 காட்டும் மைக்ரோமீட்டர். 50-75 மி.மீ. மைக்ரோமீட்டரை (மைக்) எடுத்தவுடன் ஜாப்பில் வைக்காதீர்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவே சுத்தமான காகிதத்தை வைத்து லேசாக மூடி இழுங்கள், எண்ணெயும் தூசியும் வந்துவிடும். பிறகு கூடவே வரும் 50 மி.மீ. செட்டிங் ராடை வைத்து, ராட்செட்டை இரண்டு மூன்று கிளிக் மட்டும் சுற்றி, ஜீரோ பாருங்கள். ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மைக் கீழே விழுந்தால் உடனே ஒரு முறை.

அடுத்தது சூடு. மெஷினிலிருந்து எடுத்த ஜாப்பைக் கையில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அளப்பது நம் பட்டறைகளில் தினமும் நடப்பது. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். 60 மி.மீ. ஜாப் 15 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 59.978 என்று மைக் காட்டுகிறது, நீங்கள் ஓகே போட்டு டிரேயில் வைக்கிறீர்கள். அரை மணி கழித்து இன்ஸ்பெக்ஷனில் (தரம் பார்க்கும் க்யூசி பிரிவு) அதே ஜாப் 59.968. ரிஜெக்ட். உடனே "க்யூசி மைக் சரியில்லை" என்று சண்டை. இரண்டு மைக்கும் சரியாகத்தான் இருக்கும், ஜாப் குளிர்ந்ததுதான் வித்தியாசம். அலுமினியம் இதைப்போல இரண்டு மடங்கு விரியும் என்பதால் அதில் தொல்லை இன்னும் அதிகம். செய்ய வேண்டியது எளிது: இரண்டு ஜாப்பைச் சூட்டில் அளந்து எழுதுங்கள், சர்ஃபேஸ் பிளேட் மேல் 20 நிமிடம் வைத்து மறுபடி அளந்து எழுதுங்கள். அந்த ஜாப்புக்கு எவ்வளவு இறங்கும் என்று கிடைத்துவிடும். அதன் பிறகு சூட்டில் எந்த அளவில் நிறுத்தினால் குளிர்ந்தபின் நடுவில் வந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடுவில் நிறுத்துவது என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு பழக்கம் கெட்டிருக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டைத் தொடுவது. 59.985 குறி. 59.978க்கும் 59.992க்கும் நடுவே இருக்கும்வரை கையை வைக்காதீர்கள். மெஷினுக்கே இரண்டு மூன்று மைக்ரான் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி ஆஃப்செட் போட்டால், ஆட்டம் இன்னும் கூடும். ஒரே திசையில் அளவு நகர்ந்து கொண்டே போனால் மட்டும் திருத்துங்கள். இன்சர்ட் (டூலின் நுனியில் மாட்டும் வெட்டும் துண்டு) தேய்வது அப்படித்தான் தெரியும், வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். காலையில் முதல் அரை மணியும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிந்தைய முதல் சில பீஸ்களும் வேறு கதை. ஸ்பிண்டிலும் (ஜாப்பைச் சுழற்றும் அச்சு) பால் ஸ்க்ரூவும் (டூலை நகர்த்தும் திருகு) சூடேறி நிலைக்கும்வரை அளவு தள்ளி வரும், பிறகு தானே திரும்பும். இது தெரியாதவர் முதல் பீஸுக்கு ஆஃப்செட் போட்டு, ஆறாவது பீஸில் அதை எடுத்து, இடையில் ஒன்றை ரிஜெக்ட் ஆக்கிவிடுவார். பத்துப் பதினைந்து நிமிடம் ஸ்பிண்டிலைச் சும்மா ஓட்டி, அச்சுகளையும் முழு நீளத்துக்கு நகர்த்தி வார்ம்-அப் செய்தால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

ஆஃப்செட் பக்கத்திலேயே தவறு நடக்கும் இன்னொரு இடம், ஃபேனக் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரின் ஒரு பிராண்டு). வேர் ஆஃப்செட்டில் (தேய்வுக்கான திருத்தம்) ஏற்கெனவே -0.040 இருக்கிறது. விட்டம் 15 மைக்ரான் அதிகம், இன்னும் -0.015 கூட்ட வேண்டும். 'இன்புட்+' அழுத்தினால் -0.055 ஆகும். தெரியாமல் 'இன்புட்' அழுத்தினால் பழையது அழிந்து வெறும் -0.015 நிற்கும், ஜாப் குறைவதற்குப் பதில் 25 மைக்ரான் ஏறும். புள்ளி வைக்காமல் -15 என்று அடிப்பது இதைவிட ஆபத்து. ஒரு மெஷின் அதை 15 மைக்ரான் என்று எடுக்கும், பக்கத்து மெஷின் 15 மி.மீ. என்று எடுக்கும், பாராமீட்டர் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே எப்போதும் புள்ளியோடு அடித்து, அழுத்திய பிறகு திரையில் வந்த எண்ணை வாய்விட்டு ஒரு முறை படியுங்கள்.

இனி நோட்டு. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நூறு பக்க நோட்டு, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் கவர். ஒரு ஜாப்புக்கு ஒரு பக்கம். மேலே பார்ட் எண், டிராயிங்கின் ரிவிஷன் எண். ரிவிஷனை விட்டுவிடாதீர்கள், பழைய ரிவிஷனுக்கு ஓட்டி முழு பேட்சையும் கழிக்க நேர்வது உண்டு. அதற்குக் கீழே: மெட்டீரியல், புரோகிராம் எண், ஜா (ஜாப்பைப் பிடிக்கும் தாடை) எந்த விட்டத்துக்கு போர் செய்தது (உட்புறம் கடைந்தது), பிடிக்கும் நீளம், சக் பிரஷர் (ஜாக்களை இறுக்கும் அழுத்தம்). டர்ரெட்டில் (டூல்கள் மாட்டும் சுழல் தலை) எந்த ஸ்டேஷனில் எந்த டூல், இன்சர்ட்டின் முழு எண், கிரேடு, போரிங் பார் எவ்வளவு வெளியே நீட்டியது. ஒரு முனைக்கு எத்தனை பீஸ் வந்தது. கடைசியாக, வந்த சிக்கலும் காரணமும் இரண்டு வரியில். "விட்டம் ஓடியது" என்று எழுதினால் பயனில்லை. "32வது பீஸுக்கு மேல் 10 மைக்ரான் ஏறியது, இன்சர்ட் மூக்கு தேய்வு, 30க்கு மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். அதே ஜாப் மூன்று மாதம் கழித்து வரும்போது, எல்லோரும் ஒன்றரை மணி நேரம் தேடிக்கொண்டிருக்க, உங்கள் பக்கத்தைத் திறந்தால் முக்கால் மணியில் முதல் பீஸ் வெளியே வரும். சூப்பர்வைசர் உங்கள் பெயரை நினைவில் வைப்பது அன்றைக்குத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டிராயிங்கைப் போனில் படம் எடுக்காதீர்கள், புரோகிராமைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது வாடிக்கையாளரின் சொத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே வேலையிலிருந்து நிறுத்துகிற இடங்கள் உண்டு. நோட்டில் நீங்கள் எழுத வேண்டியது உங்கள் வேலையில் கற்ற பாடங்கள். நோட்டு வைத்திருப்பதை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டே எழுதுங்கள்.

டூலுக்கு வருவோம். இன்சர்ட் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் பத்து வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிஎன்எம்ஜி 120408 என்றால்: முதல் எழுத்து சி, 80 டிகிரி சாய்சதுரம். டி என்றால் 55, வி என்றால் 35. 12 என்பது வெட்டு முனையின் நீளம், 04 தடிமன், கடைசி 08 மூக்கு ரேடியஸ் 0.8 மி.மீ. இந்தக் கடைசி இரண்டு இலக்கம்தான் உங்கள் ஃபினிஷைத் தீர்மானிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஃபீட் (டூல் நகரும் தூரம்) எவ்வளவோ அதை அதனாலேயே பெருக்கி, ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால், மேற்பரப்பில் நிற்கும் வரியின் உயரம் ஏறக்குறைய வரும். ஃபீட் 0.2, ரேடியஸ் 0.8 என்றால் 6.25 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால், 0.1க்கு, 1.56 மைக்ரான். பாதி ஃபீடுக்கு நான்கில் ஒரு பங்கு உயரம்.

இதை அறிந்தவர் ஃபினிஷ் சரியில்லை என்றதும் ஃபீட் ஓவர்ரைடை 50க்குத் திருகிவிட்டு நிற்க மாட்டார். அப்படித் திருகினால் சைக்கிள் டைம் ஏறும் என்பது ஒரு பக்கம். சிப் (வெட்டில் வரும் உலோகச் சுருள்) உடைக்கும் பள்ளம் வேலை செய்யக் குறைந்தபட்ச ஃபீட் வேண்டும். அதற்குக் கீழே போனால் சிப் உடையாமல் நீளநீளமாக ஜாப்பில் சுற்றி, வந்த ஃபினிஷையும் கீறிவிடும். 0.4 ரேடியஸை 0.8 ஆக்கினால் அதே ஃபீடில் வரி உயரம் பாதியாகும். ஆனால் ஒல்லியான தண்டில் பெரிய மூக்கு ஜாப்பைத் தள்ளும், அதிர்வு வரும். அப்படியானால் டெயில்ஸ்டாக் (ஜாப்பின் நுனியைத் தாங்கும் முனை) கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். டெயில்ஸ்டாக் இல்லாமல் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் நுனிப் பக்கம் விட்டம் பெரிதாக வரத் தொடங்கும், நுனி வளைந்து டூலை விட்டு விலகுவதால். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக யோசிப்பதுதான் செட்டரின் மூளை.

செட்டிங்கில் இறங்க, இருக்கிற செட்டரிடமிருந்துதான் கற்க வேண்டும். அவருக்கும் கவலை இருக்கும், நீ கற்றால் என் இடம் என்னாகும் என்று. ஆகவே முழுசாகக் கேட்காதீர்கள். டிஸ்பாட்ச் அவசரம் இல்லாத நாளில், செட்டிங் மாறுவதற்கு முன்னாலேயே ஜாவும் டூலும் கேஜும் எடுத்துத் துடைத்து வண்டியில் அடுக்கி வைத்துவிட்டு, "அண்ணே, இந்தத் தடவை ஜா போரிங் மட்டும் நான் போடட்டுங்களா, நீங்க பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்று கேளுங்கள். அடுத்த முறை டூல் ஆஃப்செட் எடுப்பது. அதற்கடுத்த முறை முதல் பீஸ்.

ஜா போரிங்கில் ஒரு நுணுக்கம். சாஃப்ட் ஜாவை ஜாப்பின் விட்டத்துக்கே போர் செய்ய வேண்டும். பெரிதாகிவிட்டால் ஜாவின் நடு மட்டும் தொடும், சிறிதானால் இரண்டு ஓரமும் கடிக்கும். போர் செய்யும்போது உள்ளே ஒரு ரிங் பிடித்து, உற்பத்தியில் வைக்கப்போகும் அதே பிரஷரில் செய்யுங்கள். பிரஷர் மாறினால் ஜா சாய்வும் மாறும்.

மெல்லிய சுவர் உள்ள ஸ்லீவ், ரிங் மாதிரி ஜாப்பில்தான் பலர் ஏமாறுவது. மூன்று ஜா அழுத்தத்தில் ஜாப் லேசாக முக்கோணமாக நசுங்கியிருக்கும். அந்த நிலையில் போர் (உள் துளை) வட்டமாக வெட்டப்படும். கழற்றியதும் ஜாப் பழைய நிலைக்குத் திரும்ப, போர் மூன்று மேடாக மாறிவிடும். போர் டயலை (துளையின் விட்டம் அளக்கும் கருவி) வைத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும், ஏனென்றால் மூன்று மேடு வடிவத்தில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும், இரண்டு புள்ளிக் கருவி அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் கோ பிளக் கேஜ் (துளைக்குள் நுழைய வேண்டிய சோதனைத் தண்டு) போகாது. அளவு சரி, கேஜ் போகவில்லை என்றால் இன்னும் ஆஃப்செட் கூட்டாதீர்கள். மூன்று புள்ளி போர் மைக்கை வாங்கிப் பாருங்கள், சக் பிரஷரைக் குறைத்து ஃபினிஷ் கட் எடுத்துப் பாருங்கள், அல்லது ஜாப்பைச் சுற்றி அதிகமாக அணைக்கிற அகல ஜா கேளுங்கள். இந்த ஒரு சிக்கலைக் காரணத்தோடு விளக்கினால் இன்டர்வியூவில் பாதி முடிந்த மாதிரி.

முதல் பீஸ் ஓட்டுவது பொறுமை வேலை. வெளி விட்டத்து ஃபினிஷ் டூலுக்கு வேர் ஆஃப்செட்டில் +0.3 போட்டு (உள் விட்டம் என்றால் -0.3), சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டுவது), ரேபிட் (வெட்டாத வேக நகர்வு) 25 சதவீதம். டூல் ஜாப்புக்கு அருகே வந்ததும் ஃபீட் ஹோல்ட் போட்டு, திரையில் இன்னும் போக வேண்டிய தூரத்தைப் படித்து, கண்ணில் தெரியும் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். திரை 50 மி.மீ. என்கிறது, கண்ணுக்கு 20தான் இருக்கிறது என்றால் அங்கேயே ரீசெட். டர்ரெட் மோதி அலைன்மென்ட் போனால் மெஷின் நாள்கணக்கில் நிற்கும். அவசரம் என்று யார் கத்தினாலும் இந்த இடத்தில் வேகம் கூட்டாதீர்கள். கதவு இன்டர்லாக்கை (கதவு திறந்திருக்கும்போது மெஷினை ஓடவிடாத பாதுகாப்பு) கட்டிவைத்து ஓட்டுவது, ஓடுகிற ஜாப்பில் கையால் எமரி போடுவது, கையுறையோடு சக் பக்கம் போவது, இவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். விரல் போனால் திரும்பாது.

புரோகிராமுக்குக் கோர்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசை மாற வேண்டும் என்கிறேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைத் திரையில் பார்த்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஜி96 ஏன் இருக்கிறது, அதற்கு முன்னால் ஜி50 எஸ் என்று ஒரு எண் ஏன் கட்டாயம்? ஜி96இல் மேற்பரப்பு வேகம் மாறாது, ஆகவே விட்டம் குறையக் குறைய சுற்று ஏறும். நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்துக்கு 50 விட்டத்தில் 1273 சுற்று, 25 விட்டத்தில் 2546. முகப்பு வெட்டி மையத்துக்குப் போகும்போது ஜி50 வரம்பு இல்லையென்றால் சக் உச்ச வேகத்துக்குப் போய்விடும், பிடியும் தளரும். இப்படி ஐந்து புரோகிராம் வரிக்கு வரி புரிந்தால், பிறகு ஜி71 சைக்கிளும் (கட்டம் கட்டமாகக் கடையும் கட்டளை) ஜி42 ரேடியஸ் காம்பன்சேஷனும் (மூக்கு ரேடியஸுக்கான திருத்தம்) கோர்ஸில் கேட்கும்போது நிலைத்து நிற்கும். கோர்ஸ் சேரும்போது ஒன்றைக் கேளுங்கள்: கம்ப்யூட்டரில் மட்டுமா, மெஷினில் எத்தனை மணி நேரம் கையில் தருவீர்கள்? மெஷின் நேரம் இல்லாத கோர்ஸ் உங்களுக்குப் பயன்படாது. படிப்பும் ஆசை என்றால், ஐடிஐ முடித்தவருக்கு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழி இருக்கிறது, பாலிடெக்னிக்கில் விசாரியுங்கள்.

நடத்தையில் இரண்டு விஷயம். ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வேர் ஆஃப்செட் இப்போது எவ்வளவு, எந்த இன்சர்ட் இன்னும் எத்தனை பீஸ் தாங்கும், எந்த அளவு ஓரத்தில் நிற்கிறது, மூன்று வரி எழுதி மெஷினில் ஒட்டுங்கள். இரண்டாவது, ரிஜெக்ட். 20வது பீஸ் சரியாக இருந்தது, 40இல் அளவு போய்விட்டது என்றால், கெட்டது ஒன்று அல்ல, இடைப்பட்ட அத்தனையும் சந்தேகம். எல்லாவற்றையும் சிவப்பு டிரேயில் தள்ளி வைத்து, நீங்களே போய் க்யூசியிடம் சொல்லுங்கள். திட்டு விழும். ஆனால் ஒன்றை ஒளித்து அது வாடிக்கையாளரிடம் போனால், அங்கே ஆள் அனுப்பி முழு லாட்டையும் தரம் பிரிக்க வேண்டிவரும். யார் ஷிஃப்ட் என்று தேதி வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைப்பவர் என்று பெயர் வாங்கியவரிடம் யாரும் செட்டிங் கொடுக்க மாட்டார்கள்.

சம்பளப் பேச்சு. உங்கள் நோட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள்: எத்தனை செட்டிங் தனியாகச் செய்தேன், எந்த ஜாப்பில் செட்டிங் நேரம் எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது, ரிஜெக்ஷன் எவ்வளவு. இன்கிரிமென்ட் முடிவான பிறகு போய் நிற்காமல், அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அந்தத் தாளோடு பேசுங்கள். பணத்தோடு சேர்த்து, 'செட்டர்' என்ற பதவிப் பெயரை எழுத்தில் கேளுங்கள். பல சிறிய யூனிட்டில் செட்டர் வேலை வாங்கிக்கொண்டு ஆபரேட்டர் என்றே வைத்திருப்பார்கள். கற்பதற்காக ஆறு மாதம் அப்படி இருக்கலாம், இரண்டு வருடம் இருக்கக் கூடாது. அப்போது மாறுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்றிதழ் மூன்றும் கையில் வாங்குங்கள். சான்றிதழில் பதவி என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்து ஆகும் முன்பே பாருங்கள், அடுத்த இடத்தில் உங்கள் சம்பளம் அந்த ஒரு சொல்லில் ஆரம்பிக்கும். பிஎஃப் பணத்தை ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடுத்துச் செலவழிக்காமல், அதே யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினர் எண்) கொடுத்து புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அது மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டிவரும். ஐடிஐ ஒரிஜினலை எந்தக் கம்பெனியிலும் கொடுத்து வைக்காதீர்கள், காட்டிவிட்டு நகல் கொடுங்கள்.

புதிய இடத்தில் பெரும்பாலும் ஒரு டிராயிங்கைக் கொடுத்து மெஷின் முன்னால் நிறுத்துவார்கள். உடனே டூலைத் தொடாதீர்கள். எந்த கன்ட்ரோல், சக் பிரஷர் எவ்வளவு, எந்த அளவு முக்கியம், அதை எதில் அளப்பார்கள் என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு, மைக்கை வாங்கி ஜீரோ பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.